நத்தாருக்குப் பத்துப் பேர், வீட்டிலை ஒரே ஒரு சுடுதண்ணித் தாங்கி

வன்னிமயில் (மார்க்கம், கனடா) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை நத்தார் லீவுக்கு எங்கடை வீடு நிரம்பப்போகுது. மாமாவும் மாமியும் யாழ்ப்பாணத்திலையிருந்து வருகினம். ரெண்டு பேரும் எழுபது தாண்டின ஆக்கள், ஸ்நோவைப் படத்திலைதான் கண்டிருக்கினம். லண்டனிலையிருந்து அக்கா, அத்தான், ரெண்டு வளர்ந்த பெடியள். நாங்கள் நாலு பேர். டிசம்பர் 20 தொடக்கம் புதுவருசம் முடியுமட்டும்.

வீடு 2003 இலை கட்டினது. மேலை மூண்டு அறை, அதிலை ஒண்டு கராஜுக்கு மேலை. பேஸ்மென்ட்டிலை ஒரு அறையும் ஒரு வோஷ்ரூமும் இருக்கு, ஆனால் பிள்ளையள் பெரிசான பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் போறேல்லை. கதவைத் திறந்தால் ஒரு நாத்தம் வேறை. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் 2019 இலை மாத்தினது. சுடுதண்ணித் தாங்கி வாடகை, காஸ், 50 கலன்.

என்ரை கவலை என்னெண்டால், நாலு பேருக்கே சில நாள் காலமை கடைசியாக் குளிக்கிறவர் கத்துறவர். பத்துப் பேருக்குக் காணுமோ? தாங்கியிலை இருக்கிற திருகியைக் கூட்டி வைச்சால் சரிவருமோ? கராஜுக்கு மேலை இருக்கிற அறையைத்தான் மாமா மாமிக்கு ஒதுக்கி வைச்சிருக்கிறன், பெரிய ஜன்னல், வோஷ்ரூம் பக்கத்திலை. ஆனால் அந்த அறை எப்பவும் குளிர். இவர் சொல்லுறார் தேர்மோஸ்டாட்டை 25 இலை விட்டால் எல்லாம் சரியாம். இன்னொண்டு, மாமிக்கு வோஷ்ரூமிலை கழுவத் தண்ணி வேணும். ஸ்பிறே ஒண்டு பூட்டுவம் எண்டு பாத்தால், மாரியிலை அந்தத் தண்ணி ஐஸ் மாதிரி வருமே?

போன கிழமை கதவைத் தட்டி ஒருத்தர் வந்து, உங்கடை தாங்கி பழசு, இலவசமாப் பாத்துத் தாறன் எண்டவர். அவரைக் கூப்பிடலாமோ?

குழாய்க்காரன் (ஸ்காபரோ) எழுதியது:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூப்பிடாதேங்கோ. கதவைத் தட்டி ஃபேர்னஸ், சுடுதண்ணித் தாங்கி, ஏசி விக்கிறதை எங்கடை ஒன்ராறியோ மாகாணத்திலை 2018 மார்ச் 1 இலையிருந்து தடை செய்திருக்கினம். நீங்கள் கூப்பிடாமல் வந்து கொந்தராத்து நீட்டுறவன் சட்டத்துக்கு வெளியிலை நிக்கிறான். இலவசம் எண்டு உள்ளுக்கை வந்தால் போகேக்கை உங்கடை கையெழுத்தோடைதான் போவான். உங்கடை தாங்கி வாடகை எண்டபடியால் பழுதுபாக்கிற பொறுப்பு வாடகைக் கொம்பனிக்குத்தான், அவைக்கு ஃபோன் பண்ணுங்கோ. அதுவும் இப்பவே. 23ஆம் திகதி எடுத்தால் நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

நான் பைப் வேலையும் காஸ் வேலையும் செய்யிறனான், ஜி2 எண்ட காஸ் வேலை லைசென்ஸ் இருக்கு. நத்தார் இரவு எனக்கு வாற கோலுகள் ரெண்டு வகை. ஒண்டு, வழமையிலும் கூடப் பாவிச்சு மூச்சு வாங்குற சாமான். மற்றது, வருசம் முழுக்க ஒருத்தரும் தொடாமல் கிடந்துபோட்டு அண்டைக்குத் திடீரெண்டு வேலை செய்யவேண்டி வாற சாமான். உங்கடை வீட்டிலை ரெண்டும் இருக்கு.

தாங்கிக் கணக்கைப் பாப்பம். 50 கலன் எண்டது 189 லீற்றர். அதிலை நல்ல சூடா வெளியிலை எடுக்கக்கூடியது 70 வீதம் மட்டிலை, அதாவது 130 லீற்றர். பிறகு வாற தண்ணி கீழையிருந்து ஏறுற பச்சைத்தண்ணியோடை கலந்து வெதுவெதுப்பாப் போயிடும். மாரியிலை உங்கடை வீட்டுக்குள்ளை வாற தண்ணி ஒன்ராறியோ ஏரியின்ரை தண்ணி, 4, 5 பாகைதான். தாங்கி 60 பாகையிலை இருந்தால், 40 பாகையிலை குளிக்க ஷவரிலை வாற தண்ணியிலை மூண்டிலை ரெண்டு பங்குக்குக் கிட்ட சுடுதண்ணியா இருக்கவேணும். கோடையிலை அரைவாசிக்குக் கொஞ்சம் மேலை காணும். உங்கடை கடைசி ஆள் கத்துறது பெரும்பாலும் மாரியிலையா இருக்கும், கோடையிலை கத்தியிருக்கமாட்டார். சரியோ?

இப்பத்தை ஷவர் ஹெட் நிமிஷத்துக்கு 7.6 லீற்றர் விடும், பழசெண்டால் 9.5. புதுசிலை சுடுதண்ணி நிமிஷத்துக்கு 5 லீற்றர் போகுது எண்டு வையுங்கோ. உங்கடை தாங்கியின்ரை நெருப்பு வழமையா மணித்தியாலத்துக்கு 40,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கிற அலகு) அளவிலை இருக்கும், லேபிளிலை பாக்கலாம். அது மாரித் தண்ணியை மணித்தியாலத்துக்கு 140 லீற்றர் மட்டிலை திருப்பிச் சூடாக்கும். ஆகவே ஒருத்தர் முடிச்சு மற்றவர், ஆளுக்கு எட்டு நிமிஷம் எண்டால் அஞ்சாறு பேருக்குத் தாங்கும். மேலை ரெண்டு வோஷ்ரூமிலையும் ஒரே நேரத்திலை ரெண்டு ஷவர், கீழை வோஷிங் மெஷின், குசினியிலை பாத்திரம் கழுவல் எண்டால் கால் மணித்தியாலம் போகாது.

அதாலை புதுத் தாங்கி வேண்டாம், நேரசூசி போடுங்கோ. பெரியாக்கள் காலமை, இளசுகள் இரவு. ரெண்டுக்கும் நடுவிலை உடுப்புத் தோயுங்கோ, அதையும் பச்சைத்தண்ணியிலை. மாமாவுக்கு வாளியும் கோப்பையும் குடுத்துப் பாருங்கோ, அவருக்கும் அதுதான் சந்தோஷமா இருக்கும். எட்டு நிமிஷ ஷவர் 60 லீற்றர், ஒரு வாளி 20 லீற்றர். யாழ்ப்பாணத்துக் கிணத்தடியிலை வளர்ந்த மனுசர் ஒன்றரை வாளியிலை துப்புரவாக் குளிச்சிட்டு வந்திடுவார். லண்டன் பெடியளைப் பற்றி எனக்கு நம்பிக்கையில்லை.

திருகியைத் தொடாதேங்கோ. தாங்கிக்குள்ளை 60 பாகை இருக்கவேணும். குறைச்சு வைச்சால் லெஜியோனெல்லா எண்ட கிருமி வளரும், அது நுரையீரலைப் பிடிக்கும், எழுபது வயசுக்காரருக்கு விளையாட்டில்லை. கூட்டி வைச்சால் தோல் போகும். 60 பாகைத் தண்ணி அஞ்சு செக்கனுக்குள்ளை நல்லாச் சுட்டுப்போடும். பைப்பிலை வாறது 49 பாகைக்கு மேலை போகக்கூடாது எண்டுதான் இஞ்சை கட்டட விதி. அதுக்காகத் தாங்கிக்கு மேலை ஒரு கலக்கிற வால்வு இருக்கும், சின்னப் பித்தளைச் சாமான், ஒரு பக்கம் சுடுதண்ணி, ஒரு பக்கம் பச்சைத்தண்ணி. அது இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் வாடகைக் கொம்பனியைக் கேளுங்கோ. மாமி ஷவர்க் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புறது எண்டு தெரியாமல் முழுக்கத் திருப்பேக்கை அந்த வால்வுதான் காப்பாத்தும். வந்த அண்டைக்கே ஒருக்கா கூட நிண்டு காட்டி விடுங்கோ.

தேர்மோஸ்டாட் விஷயத்திலை உங்கடை இவரோடை எனக்கு உடன்பாடில்லை. 25 எண்டு வைச்சால் ஃபேர்னஸ் கெதியாச் சூடாக்காது, அதே வேகத்திலை கனநேரம் எரியும். கீழ்மாடி அவியும், கராஜுக்கு மேலை இருக்கிற அறை அப்பவும் குளிரும். அந்த அறைக்குக் கீழையும் மூண்டு பக்கமும் குளிர். காத்து வாற குழாயும் கராஜ் கூரைக்குள்ளாலை வருது. மார்க்கத்திலையும் பிரம்டனிலையும் அந்தக் காலத்திலை கட்டின வீடுகளிலை கனக்கத்துக்கு இந்த வருத்தம் இருக்கு. ஆகவே முதல் வேலை, மாமா மாமியை அதிலை போடாதேங்கோ. பிள்ளையளின்ரை அறையை அவைக்குக் குடுத்துட்டு, லண்டன் பெடியளைக் கராஜுக்கு மேலை அனுப்புங்கோ. இங்கிலாந்து வீட்டிலை வளர்ந்ததுகளுக்குக் குளிர் அறை புதிசில்லை.

வீடு முழுக்க 22, 23 காணும். தேர்மோஸ்டாட்டிலை ஃபேர்னஸ் ஃபேனை AUTO இலை விடாமல் ON இலை விடுங்கோ, காத்துச் சுத்திக்கொண்டே இருந்தால் அறைக்கு அறை வித்தியாசம் குறையும். குளிர் அறைக்குக் காத்து வாற வாயை முழுக்கத் திறந்து, மற்ற ரெண்டு அறையிலையும் கொஞ்சமா, கால்வாசிக்கு மேலை இல்லாமல், மூடுங்கோ. அறைக் கதவை இரவிலை ஒருக்களிச்சு விடவேணும். கதவு இறுக்கப் பூட்டினால் உள்ளை போற காத்து திரும்பி வர வழியில்லை, வழியில்லாட்டில் புதுக் காத்தும் உள்ளை போகாது. அதுக்குப் பிறகும் குளிரெண்டால் எண்ணெய் நிரப்பின மின்சார ஹீற்றர் ஒண்டு வையுங்கோ. 1500 வாட் எண்டது 12.5 அம்பியர், ஒரு அறையின்ரை பிரேக்கர் 15 அம்பியர். அந்தப் பிரேக்கரிலை வேறை ஒண்டும் வேண்டாம். நீட்டு வயரிலை பூட்டவே கூடாது.

ஃபேர்னஸ் ஃபில்ரரை எப்ப மாத்தினனீங்கள்? ஒரு அங்குலத் தடிப்பு எண்டால் விருந்தாளியள் வரமுதல் புதுசு போடுங்கோ. மேர்வ் எண்டது ஃபில்ரர் எவ்வளவு சின்னத் தூசியைப் பிடிக்கும் எண்ட அளவு, மேர்வ் 8 போதும். கடையிலை அலேர்ஜிக்கு நல்லதெண்டு விக்கிற மேர்வ் 13 ஐ ஒரு அங்குல இடத்திலை செருகினால் ஃபேர்னஸுக்குக் காத்துக் காணாமல், உள்ளை கொதிச்சு, தானே நிக்கக்கூடும். 2019 ஃபேர்னஸ் எண்டால் சுவருக்கு வெளியிலை ரெண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஒண்டு காத்தை இழுக்கும், ஒண்டு புகையை விடும். ஸ்நோ கொட்டின ஒவ்வொரு முறையும் அதைச் சுத்தித் துப்புரவாக்குங்கோ. ட்றைவ்வேயை வழிக்கிறவர் அந்தப் பக்கம் ஸ்நோவைக் குவிக்காமலும் பாருங்கோ. குழாய் அடைஞ்சால் ஃபேர்னஸ் மூண்டு நாலு தரம் எரியப் பாத்துட்டுப் பூட்டிக்கொண்டிடும்.

பேஸ்மென்ட் நாத்தத்துக்கு ஒரு போத்தல் தண்ணிதான் மருந்து. நிலத்திலை இருக்கிற வடிகாலுக்குக் கீழை வளைஞ்ச குழாயிலை எப்பவும் தண்ணி நிக்கவேணும், அதுதான் சாக்கடைக் காத்தை மறிக்கிறது. பாவிக்காமல் விட்டால், அதுவும் மாரியிலை வீடு காயேக்கை, அது வத்திப்போகும். நிலத்து வடிகாலிலை ரெண்டு லீற்றர் தண்ணி ஊத்திப்போட்டு, மேலாலை ரெண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கோ, தண்ணி கெதியா ஆவியாகாது. ஷவர் வடிகாலுக்கும், உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்கும் தண்ணி விடுங்கோ. கக்கூஸை ஒருக்கா ஃபிளஷ் பண்ணிப் பாருங்கோ. பிறகு பைப் எல்லாத்தையும், சுடுதண்ணிப் பக்கம் முதல், அஞ்சு நிமிஷம் திறந்து விடுங்கோ. மாசக்கணக்கா நிண்ட தண்ணியிலை அக்கா முகம் கழுவவேண்டாம். வோஷ்பேசினுக்குக் கீழை கையை வைச்சுத் தடவுங்கோ, ஈரம் பட்டால் வாஷர் காய்ஞ்சு வெடிச்சிருக்கு.

மாமியின்ரை ஸ்பிறே: கக்கூஸுக்கு வாற குழாய் பச்சைத்தண்ணி மட்டும்தான், ஆகவே 5 பாகைதான் அடிக்கும். வெதுவெதுப்பா வேணுமெண்டால் பக்கத்து வோஷ்பேசினுக்குக் கீழை இருக்கிற ரெண்டு குழாயிலும் கிளை போட்டு, சின்னக் கலக்கிற வால்வாலை எடுக்கலாம். பைப் வேலைக்காரருக்கு ஒரு மணித்தியால வேலை. பாவிச்சு முடிய ஒவ்வொரு முறையும் சுவர்ப் பக்கத்து வால்வைப் பூட்டச் சொல்லுங்கோ. கைப்பிடியை மட்டும் விட்டால் அந்த ஹோஸ் நாள் முழுக்க அழுத்தத்திலை நிக்கும், கனக்க ஹோஸ் அதுக்குச் செய்ததில்லை. இந்தக் கரைச்சல் வேண்டாமெண்டால் ஒரு செம்பும் சின்ன வாளியும் வையுங்கோ. எங்கடை வீட்டிலை அப்பிடித்தான்.

கடைசியா, வெளியிலை தோட்டத்துப் பைப்புக்கு உள்ளை இருக்கிற வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்து விட்டனீங்களோ? ஹோஸை அப்பிடியே பூட்டி விட்டிருந்தால் உறையாதெண்டு விக்கிற பைப்பும் வெடிக்கும். வெடிச்சது இப்ப தெரியாது, ஏப்ரலிலை திறக்கேக்கை பேஸ்மென்ட் சுவருக்குள்ளாலை தண்ணி வரும்.

மாம்பலத்தான் (மிசிசாகா) எழுதியது:

அண்ணே, சூப்பரா எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் நான் சேர்த்துடறேன், ஏன்னா யாரும் இதைச் சொல்ல மாட்டேங்கறாங்க.

பேஸ்மென்ட் படி ஆரம்பிக்கிற இடத்துல, லைட் சுவிட்ச் பக்கத்துலயே, சிவப்பு பிளேட் போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஃபேர்னஸோட மெயின் சுவிட்ச். போன வருஷம் மாமியார் சென்னையிலேருந்து வந்திருந்தாங்க. அவங்க ஊர்ல கீசர் போட்டா பத்து நிமிஷத்துல அணைக்கணும், ரூமை விட்டு வெளிய வந்தா ஃபேன், லைட் எல்லாம் அணைக்கணும். வந்த ரெண்டாவது நாள் ராத்திரி வீடு முழுக்க ரவுண்டு போய், எரிஞ்சிட்டிருந்த எல்லாத்தையும் அணைச்சிட்டுப் படுத்துட்டாங்க. காலையில வீடு 14 டிகிரி. நாங்க ஃபேர்னஸ் ரிப்பேர்னு நெனச்சு ஆளை வரவழைச்சோம். அவர் வந்து சுவிட்சைத் தட்டிட்டு, வந்ததுக்கான காசை வாங்கிட்டுப் போனார். மாமியார்கிட்ட இன்னும் யாரும் சொல்லலை. இப்போ அந்த சுவிட்ச் மேல பேக்கிங் டேப் ஒட்டி, தமிழ்ல "தொடாதீர்கள்"னு எழுதி வெச்சிருக்கேன்.

அண்ணே, எங்க வீட்ல தாங்கி இல்ல, டேங்க்லெஸ். முடிவே இல்லாம சுடுதண்ணி வரும்னுதான் விளம்பரம். ஆனா ஜனவரில மூணாவது ஷவர் திறந்தா எல்லாமே வெதுவெதுன்னு ஆயிடுது. மெஷின்ல கோளாறா?

குழாய்க்காரன் எழுதியது:

தம்பி, உங்கடை மாமியார் மாதிரி ஆக்களாலைதான் எங்களுக்கு நத்தாருக்கு வருமானம். அந்தச் சுவிட்சை நான் மறந்துபோனன், வன்னிமயில், நீங்களும் டேப் ஒட்டுங்கோ.

டேங்க்லெஸ் முடிவில்லாமல் தரும், ஆனால் நிமிஷத்துக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு எல்லை இருக்கு. உள்ளை வாற தண்ணி எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு அந்த எல்லை குறையும். 150,000 பி.டி.யூ. மெஷின் எண்டால் மாரியிலை 13 லீற்றர் மட்டிலைதான் தரும், அது ரெண்டு ஷவருக்குக் காணும். மூண்டாவது திறந்தால் எல்லாருக்கும் பங்கு. ஒருக்கா தண்ணி உள்ளை போற இடத்திலை இருக்கிற சின்ன வலையைக் கழட்டிக் கழுவிப் பாருங்கோ. கன வருசமா உள்ளை படிஞ்ச உப்பைக் கழுவாமல் விட்டிருந்தால் அதையும் செய்யவேணும். ரெண்டும் சரியெண்டால் கோளாறில்லை, மூண்டு பேர் ஒண்டாக் குளிக்காதேங்கோ.

ஸ்காபரோ அன்ரி எழுதியது:

பிள்ளை, ஆம்பிளையள் தாங்கி, குழாய் எண்டு கதைப்பினம். குசினியைப் பற்றி நான் சொல்லுறன்.

பத்துப் பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி, ரோல்ஸ், வடை எல்லாம் செய்வாய். பொரிச்ச எண்ணெயைத் தண்ணியோடை சிங்கிலை விட்டால் சுடுதண்ணியிலை கரைஞ்சுபோகும் எண்டு நினைக்காதை. தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே கட்டியாகும். ஆட்டுக் கொழுப்பு அதைவிடக் கெதியா இறுகும். உங்கடை குசினிக் குழாய் வெளிச்சுவரோடை போகுதெண்டால் உள்ளை இன்னும் குளிர். சிங்கிலையிருந்து பத்தடி தள்ளி மெழுகு மாதிரி ஒட்டி நிக்கும், அதிலை சோத்துப் பருக்கையும் தேங்காய்ப்பூச் சக்கையும் வந்து சேரும், புதுவருசத்துக்கு முதல்நாள் சிங்க் நிரம்பும். எண்ணெய் ஆறினாப்போலை போத்தலிலை விடு. சட்டியிலை ஒட்டினதைப் பேப்பராலை துடைச்சுப்போட்டுக் கழுவு. சிங்க் வாயிலை வடி போட்டுவை. மாமி உதவிக்குப் பாத்திரம் கழுவ வருவா, மறிக்கமாட்டாய், அதனாலை முதலே சொல்லிவை.

வோஷ்ரூமிலை ஒரு மூடி வைச்ச சின்னக் குப்பைவாளி கட்டாயம். ஈரத் துடைப்பான் பக்கெற்றிலை கக்கூஸிலை போடலாம் எண்டு எழுதியிருக்கும், போடேலாது. லண்டனிலையிருந்து வாறவைக்கு இன்னொரு பழக்கம் இருக்கு, ஈரத் துவாயையும் சொக்ஸையும் காயப்போடச் சூடான இடம் தேடுவினம். அங்கை ரேடியேற்றர், இஞ்சை நிலத்திலை காத்து வாற வாய். அதுக்கு மேலை துவாயை விரிச்சால் அந்த அறைக்குச் சூடு வராது. உடுப்புக் காயப்போடுற ஸ்ராண்ட் ஒண்டு வாங்கி வை.

2013 ஞாபகம் இருக்கோ? நத்தாருக்கு மூண்டு நாலு நாள் முதல் உறைமழை பெஞ்சு, மரமெல்லாம் வயருக்கு மேலை முறிஞ்சு விழுந்து, ரொறன்ரோவிலை மட்டும் மூண்டு லட்சம் மின் இணைப்பு மட்டிலை நிண்டது. சில தெருவிலை நத்தார் முடிஞ்ச பிறகும் கரண்ட் வரேல்லை. எங்கடை வீட்டிலையும் விருந்தாளியள். ஃபேர்னஸ் காஸிலை எரியிறதுதானே, கரண்ட் இல்லாட்டில் என்ன எண்டு இவர் கேட்டார், ஆனால் அது எரியேல்லை. அந்தக் கிழமை கரி அடுப்பை வீட்டுக்குள்ளை கொண்டுவந்து எரிச்ச ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனவை. குழாய்க்காரத் தம்பி, அதைப் பற்றியும் சொல்லும்.

குழாய்க்காரன் எழுதியது:

அன்ரி சொன்னது சரி. ஃபேர்னஸுக்குக் காஸ் காணாது, ஃபேன் சுத்தவும் போர்ட் வேலை செய்யவும் கரண்ட் வேணும். சுடுதண்ணித் தாங்கி மட்டும் வகைக்கு வகை வித்தியாசம். மேலை ஃபேன் பெட்டி வைச்சுப் பிளாஸ்ரிக் குழாயாலை புகை விடுறதெண்டால் கரண்ட் இல்லாமல் எரியாது. தகரக் குழாயாலை கூரைக்கு மேலை புகை போற பழைய வகை பெரும்பாலும் கரண்ட் இல்லாமலும் எரியும். 2013 இலை அப்பிடிச் சுடுதண்ணி இருந்த வீட்டுக்குச் சனம் குளிக்க வந்தது.

வீடு கனநேரம் குளிரிலை கிடந்தால் பேஸ்மென்ட்டிலை மீற்றருக்குப் பக்கத்திலை இருக்கிற பிரதான வால்வைப் பூட்டி, மேலை ஒரு பைப்பையும் ஆகக் கீழை இருக்கிற பைப்பையும் திறந்து குழாயைக் காலியாக்குங்கோ. அந்த வால்வை இண்டைக்கே ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. கன வருசமாத் தொடாதது அவசரத்திலை அசையாது. அது எங்கை இருக்கெண்டு அத்தானுக்கும் காட்டி வையுங்கோ, நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போன நேரம் அவர்தான் வீட்டிலை நிப்பார்.

வன்னிமயில், உங்கடை தாங்கியிலை தகரக் குழாயோ பிளாஸ்ரிக் குழாயோ? தகரம் எண்டால் ஒரு சோதினை செய்யுங்கோ. குசினிப் புகைபோக்கி ஃபேன், வோஷ்ரூம் ஃபேன், உடுப்புக் காய்க்கிற மெஷின் எல்லாத்தையும் ஓடவிட்டு, ஜன்னல் கதவெல்லாம் பூட்டி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து தாங்கி எரியப் பண்ணுங்கோ. அஞ்சு நிமிஷத்துக்குப் பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, தாங்கிக்கு மேலை தகரக் குழாய் தொடங்கிற இடத்திலை இருக்கிற இடைவெளிக்குக் கிட்டப் பிடியுங்கோ. புகை உள்ளுக்கை இழுபடவேணும். காஸ் மணம் இருந்தால் ஊதுபத்தியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், வெளியிலை போய் ஃபோன் பண்ணுங்கோ.

வன்னிமயில் எழுதியது:

அண்ணை, அன்ரி, எல்லாருக்கும் நன்றி. நிலத்து வடிகாலுக்குத் தண்ணி விட்டன், அடுத்த நாள் நாத்தம் இல்லை. ஃபில்ரரைக் கழட்டினால் கம்பளி மாதிரி இருந்தது, என்ன சைஸ் எண்டும் வாசிக்க ஏலாது. இவர் வாயைத் திறக்கேல்லை.

தாங்கி தகரக் குழாய்தான். ஊதுபத்தி பிடிச்சன். ஃபேன் ஒண்டும் போடாமல் புகை உள்ளுக்கை போனது. குசினி ஃபேனைக் கூட்டி விட்டவுடனை வெளியிலை வந்து என்ரை முகத்திலை அடிச்சது. இது பெரிய பிரச்சினையோ? தாங்கி அஞ்சாறு வருசமா இப்பிடித்தான் எரிஞ்சிருக்குமோ?

வேறை ஒரு கேள்வி, ஜன்னல் இப்பவே வேர்க்குது. மாமிக்குத் தொண்டை காயும் எண்டு ஈரப்பதத்தை 45 க்குக் கூட்டலாமோ?

குழாய்க்காரன் எழுதியது:

ஓம், பிரச்சினைதான், நல்லகாலம் இப்ப கண்டனீங்கள். 2019க்கு முதல் ஃபேர்னஸும் தாங்கியும் ஒரே புகைக்குழாயைப் பாவிச்சிருக்கும். புது ஃபேர்னஸ் தனக்குப் பிளாஸ்ரிக் குழாய் எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளியிலை போக, தாங்கி தனிச்சு நிக்குது. ரெண்டுக்கும் எண்டு போட்ட குழாய் ஒண்டுக்கு அகலம் கூட. புகை உள்ளை ஆறிப்போய் மேலை ஏற மாட்டன் எண்டும். அந்த நேரம் குசினி ஃபேன் வீட்டுக் காத்தை வெளியிலை தள்ளினால், வீடு தனக்குக் காத்து வேணும் எண்டு அந்தக் குழாயாலை இழுக்கும். புகையோடை கார்பன் மொனொக்சைட்டும் வரலாம், அதுக்கு மணம் இல்லை. நாலு பேர் சமைக்கேக்கை ஃபேன் கொஞ்ச நேரம்தான் ஓடும். பத்துப் பேருக்குச் சமைக்கேக்கை நாள் முழுக்க ஓடும், தாங்கியும் நாள் முழுக்க எரியும், கீழை அக்கா குடும்பம் படுக்கும்.

நாளைக்குக் காலமை வாடகைக் கொம்பனிக்கு ஃபோன் பண்ணி, "தாங்கியின்ரை புகை திரும்பி வீட்டுக்குள்ளை வருது" எண்டு அதே வசனத்தைச் சொல்லுங்கோ. சூடு காணேல்லை எண்டு சொன்னால் ரெண்டு கிழமை தள்ளித் திகதி தருவினம், இதுக்கு உடனை வருவினம். வாற ரெக்னீசியன் குழாய்க்குள்ளை சின்ன விட்டத்திலை லைனர் எண்ட உள்குழாய் போடவேணும் எண்டலாம், இல்லாட்டில் ஃபேன் வைச்ச தாங்கியா மாத்தித் தரலாம். மாத்தினால் வாடகை கூடுமோ, கொந்தராத்துப் புதுசோ எண்டு கேட்டுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ. பாவிக்கக் கூடாதெண்டு சிவப்பு ராக், அதாவது சிவப்பு அட்டை, கட்டி நிப்பாட்டினாலும் கோவிக்காதேங்கோ. நத்தாருக்கு முதல்நாள் கட்டுறதிலும் பாக்க இப்ப கட்டுறது நல்லது. அதுவரைக்கும் குசினி ஃபேன் போடேக்கை குசினி ஜன்னலை நாலு விரல் திறந்து விடுங்கோ.

கார்பன் மொனொக்சைட் அலாரம் எங்கை எங்கை இருக்கு? படுக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கவேணும் எண்டது 2014 இலையிருந்து இருக்கிற சட்டம். 2026 ஜனவரி 1 இலையிருந்து ஒவ்வொரு மாடியிலும் வேணும். பேஸ்மென்ட்டிலை அக்கா படுக்கிற அறைக்கு வெளியிலை ஒண்டு போடுங்கோ. பழசுகளைக் கழட்டிப் பின்பக்கத்துத் திகதியைப் பாருங்கோ. பட்டனை அமத்த சத்தம் வந்தால் பற்றரி இருக்கெண்டுதான் அர்த்தம், உள்ளை இருக்கிற சென்சருக்கு ஆயுள் ஏழு தொடக்கம் பத்து வருசம். வெளியிலை அதை எழுதியிருக்கும்.

ஈரப்பதம் 45 வேண்டாம். வெளியிலை -10 க்குக் கீழை போனால் 30 தான் கணக்கு. பத்துப் பேரின்ரை மூச்சு, சோத்துப் பானை, குளியல் எல்லாம் சேர அது தானாக் கூடும், ஹியூமிடிஃபையரை நிப்பாட்டி விட்டாலும் பரவாயில்லை. ஜன்னல் கண்ணாடியிலை தண்ணி ஓடினால் சட்டத்திலை பூஞ்சணம் பிடிக்கும். மாமியின்ரை தொண்டைக்கு மல்லித்தண்ணி குடுங்கோ, வீட்டுக்குக் குடுக்காதேங்கோ.

வன்னிமயில் எழுதியது:

ஃபோன் பண்ணினன், நீங்கள் சொன்ன வசனத்தை அப்பிடியே சொன்னன். நாளைக்குக் காலமை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலை வருகினமாம். பேஸ்மென்ட்டிலை இருந்த அலாரத்திலை 2011 எண்டு போட்டிருக்கு, இவர் இப்பவே புதுசு வாங்கக் கடைக்குப் போட்டார். அக்காவுக்கும் பெடியளின்ரை அறை மாறினதைச் சொல்லிப்போட்டன். கராஜுக்கு மேலை எண்டவுடனை ஹீற்றர் ஒண்டா ரெண்டா தருவியள் எண்டு கேக்கினம். ஒண்டுதான் எண்டிருக்கிறன், பிரேக்கர் 15 அம்பியர்.